கரி பிடிக்காத கை

கூரான்மடையில் எல்லோருக்கும் கரியைப் பற்றித் தெரியும், காகிதத்தைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது, ஆகவே டிராயிங் மாஸ்டர் சூசைமாணிக்கம் பரமக்குடியில் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டுத் தாளை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தபடியே கொண்டுவந்து இறங்கியபோது, அது என்ன தாள், எந்த ஊர்த் தாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கப்பலில் வந்த கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவில் அடைத்து வைத்திருந்ததாம், கடைக்காரர் அப்படித்தான் சொன்னாராம். அரிசி களைந்த தண்ணீரின் நிறம், எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே சொரசொரப்பு, மூக்கருகே கொண்டுபோனால் ஈர மணலின் வாசம். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓரத்தைக் கிழித்துப் பார்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது ஊறவும் இல்லாமல் வழியவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், கடைசியில் நாக்கில் வைத்தும் பார்த்தார். அவர் அப்படித்தான். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுத்துப் பார்க்கிற சந்தேகப் பிராணி.

எங்கள் ஊரின் பிழைப்பு கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் குவித்து அடுக்கி, வைக்கோல் போர்த்தி, அதன்மேல் மண்ணைக் குழைத்துப் பூசி, அடியில் ஒரு வாய் விட்டுத் தீ வைத்து, எட்டு நாள் பத்து நாள் உள்ளுக்குள்ளேயே வேகவிட்டால் கரி கிடைக்கும். மேல்பூச்சில் எங்காவது விரிசல் விழுந்து காற்றுப் புகுந்துவிட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். அதற்காகவே மூட்டத்துக்குக் காவல் உண்டு. காவல் ஆள்களில் முத்திருளாயியைப் போல இன்னொருத்தி கிடையாது. புகை வெள்ளையாக வந்தால் மரத்தின் தண்ணீர் போகிறது, மஞ்சளாக வந்தால் பால் போகிறது, நீலமாக மெலிந்து வந்தால் வெந்துவிட்டது, வாயை அடை என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள். நாற்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை, மூட்டத்து ஓரத்துக் குடிசைதான் வீடு, மூட்டம்தான் சோறு. மூட்டம் இல்லையென்றால் அவளுக்கு இந்த ஊரில் நிற்க இடமில்லை.

மாஸ்டருக்குப் படம் வரையக் கரிக்குச்சி செய்து கொடுப்பவளும் அவள்தான். நொச்சிக் குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, ஒரு தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியை மண் வைத்து அடைத்து, மூட்டத்தின் ஓரத்தில் செருகி எடுத்தாள் என்றால், கடையில் விற்கிற குச்சியெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளிக்கூட வராந்தாவில் முக்காலி போட்டு அவளையே உட்காரவைத்து மாஸ்டர் வரைவார். வராந்தாவிலிருந்து பார்த்தால் பொட்டலுக்கு அந்தப் பக்கம் மூட்டங்கள் வரிசையாகத் தெரியும், அவளுக்கு உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று, காவல் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுத் தாளில் முதலில் வரைந்ததும் அவளைத்தான். அன்றைக்கு மாஸ்டரின் இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது, அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தலை வந்தது, தோள் வந்தது, சேலைக் கொசுவம் மடிப்பு மடிப்பாக வந்தது, இருபது வருஷத்தில் இப்படி ஒரு தாள் தன் கைக்குக் கிடைத்ததில்லை என்று அவர் வாய்விட்டே சொன்னார், கோடு போடவே வேண்டியதில்லை, குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் தாளே இழுத்துக்கொள்கிறது என்றார். வலது முழங்காலில் அவள் கை வைத்திருந்த இடத்துக்கு வந்தபோது கரி வழுக்கியது. அழுத்தினார், வழுக்கியது. பன்னின் மெத்தென்ற உள்பகுதியைப் பிய்த்து உருட்டி அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி போட்டார், குச்சிதான் ஒடிந்தது.

"கையை ஆட்டாதம்மா."

"நான் எங்க சார் ஆட்டுனேன்? வச்ச எடத்துலதான இருக்கு."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. அழித்த தடமும் இல்லை, விட்டுப்போன தடமும் இல்லை, பிறக்கும்போதே இல்லாத மாதிரி இருந்தது.

"என் கை எங்க சார்?"

"தாள் சரியில்லம்மா."

"அதே தாள்ல எடக்கை வந்துருக்கே," என்றாள் அவள், அதற்குமேல் கேட்காமல் புகையைப் பார்க்கப் போய்விட்டாள்.

படம் வராந்தாச் சுவரில் ஒட்டியிருந்தது, ஊரே வந்து பார்த்தது. ஒரு தாளில் கரி ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் பிடிக்காமல் போகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை, கரி என்றால் அதற்கும் ஒரு மனசு இருக்கத்தானே செய்யும், நாங்கள் கரியிலேயே பிறந்து கரியிலேயே புரளுகிறவர்கள். எங்களுடைய கேள்வியெல்லாம் ஏன் அந்தக் கை என்பது மட்டும்தான். மத்தியானத்துக்குள்ளேயே பதிலும் கிடைத்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் சொன்னார், குழாயடியில் அதை ஒருத்தி திருத்திச் சொன்னாள், முடிவெட்டுக் கடையில் அது உறுதியானது: எது தப்புச் செய்ததோ அதைத் தாள் ஏற்றுக்கொள்ளாது.

அதன்பிறகு மாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான், தானாக வந்து உட்கார்ந்தவர் ஒருவரும் கிடையாது, எல்லோரும் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். வந்தவர்கள் டாக்டரிடம் சொல்வது போல மாஸ்டரைத் தனியாக அழைத்து விஷயத்தைக் காதில் சொல்லிவிடுவார்கள், சொல்லாமல் எப்படி, எதற்காக வரைகிறோம் என்று வரைகிறவருக்குத் தெரிய வேண்டாமா? பால்காரரின் கட்டைவிரல் வரவில்லை, அளக்கும்போது படிக்குள் விடுகிறார் என்று எங்களுக்கு வெகுநாளாகவே சந்தேகம். தபால்காரரின் கண் வரவில்லை, கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார் என்று நினைத்தது சரியாகப் போயிற்று. சந்தேகப்பட்டது ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை கெட்டிக்காரர்களாக இருந்திருக்கிறோமே என்று எங்களுக்கே பெருமையாக இருந்தது. அதே சமயம் எவன் எவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவானோ என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சுக் குறைந்தது, சாப்பிடும்போது ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

ஒருவரை மட்டும் யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. மூட்டச் சங்கத் தலைவர் வில்வதுரை தானே வந்து, முக்காலி வேண்டாமென்று ஹெட்மாஸ்டர் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். மாஸ்டருக்கு ராமேஸ்வரத்துக்கு வந்த மாற்றல் உத்தரவை நிறுத்திக் கொடுத்தவர் அவர், அவரைப் பற்றிக் காதில் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும், மாஸ்டருக்குத்தான் நினைக்கத் துணிச்சல் வருமா? படம் உச்சி முதல் பாதம் வரை முழுசாக வந்தது, மோதிரக் கல் உட்பட. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்க அலுவலகத்தில் மாட்டினார்கள்.

அந்த வைகாசியில்தான் மூட்டங்கள் சாம்பலாகத் தொடங்கின. முதலில் ஒன்று, நாலு நாள் கழித்து இன்னொன்று, அடுத்த வாரம் மூன்றாவது. கூரான்மடையில் ஒரே மாதத்தில் மூன்று மூட்டம் போனதாக யாருக்கும் நினைவில்லை. முத்திருளாயி சங்க அலுவலகத்துக்குப் போய், அந்தப் படத்துக்குக் கீழே நின்று, "கம்மா வண்டலை நீங்க செங்கச் சூளைக்காரனுக்குக் குடுத்துட்டீங்க, இப்பப் பூசுறது உவர்மண்ணு. ரெண்டு வெயிலு காஞ்சா வெடிக்குது. நாங்க மூணு பேரு எத்தன விரிசலுக்குத்தான் ஓடுறது?" என்று கேட்டாள். வில்வதுரை அவள் வலது கையைப் பார்த்தார். கூட இருந்தவர்களும் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, மூட்டத்தில் குத்தி ஓட்டை போடுகிற கை எதுவென்று. தாள்தான் பங்குனியிலேயே சொல்லிவிட்டதே, நமக்குத்தான் உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் மாஸ்டர் வீட்டில் நடந்ததைப் பின்னாளில் அவர் மனைவி பிலோமினா டீச்சர் வாயாலேயே கேட்டோம். பங்குனியில் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் மாஸ்டரின் கைக்கடிகாரத்தைக் காணோம், மாமனார் போட்டது. அதற்கு முந்தைய நாள் கரிக்குச்சி டப்பாவைக் கொடுக்க முத்திருளாயி வீட்டுக்குள் வந்து நின்றிருந்தாள். மாஸ்டர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழங்காலில் இருந்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை கடிகாரம் கிடைத்துவிட்டது, மடித்து வைத்த சட்டையின் பையில்.

"வாட்ச் கெடச்சத அவகிட்டச் சொன்னீங்களா?" என்று, மூட்டப் பேச்சு கிளம்பிய அன்றைக்கு டீச்சர் கேட்டாராம்.

"அவள நான் எதுவுமே கேக்கலியே, சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"இப்ப ஊரு கேக்குதுல்ல. என்னங்க, உங்களுக்கே தெரியலியா? அந்தத் தாள் யாரோட குத்தத்தையும் காட்டல. நீங்க எதச் சந்தேகப்பட்டுப் பாக்குறீங்களோ அது அதுல விழ மாட்டேங்குது. ஊர்க்காரங்க காதுல ஓதிட்டு உக்கார வைக்கிறாங்க, நீங்களும் அதே கண்ணோட வரையிறீங்க. வில்வதுரை மட்டும் எப்படி முழுசா வந்தாரு?"

மாஸ்டர் பூட்டை இழுத்துப் பார்க்கப் போய்விட்டார். அந்த மனுஷன் அன்றைக்கு எழுந்துபோய் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஆனால் அவரைச் சொல்லி என்ன, அவர் சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் நம்பர் மூட்டம் ஊர்ப் பொது மூட்டம், அறுபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து வெட்டிய மரம், கோவில் கொடை விழாவுக்கும் கண்மாய் மடைப் பராமரிப்புக்கும் அதுதான் ஆதாரம். அது வெந்துகொண்டிருந்த ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கம் முத்திருளாயியைக் காவலிலிருந்து இறக்கி வராந்தாவுக்கு வரச் சொன்னது. எல்லோர் முன்னாலும் மாஸ்டர் வரைவார், கை வந்தால் அவள் மூட்டத்துக்குத் திரும்பலாம், வராவிட்டால் ஊர் எல்லைக்குள் எந்த மூட்டத்திலும் அவள் கை படக்கூடாது. எல்லோரும் சாட்சிக்கு வர வேண்டும் என்று வில்வதுரை சொல்லிவிட்டதால் மற்றக் காவல்காரர்கள் இருவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். யாருக்காவது சைகை காட்டிவிடப் போகிறாள் என்று முக்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மூட்டங்களுக்கு முதுகு காட்டி அவளை உட்காரவைத்தார்கள்.

"பொகையப் பாக்க ஒரு ஆளாச்சும் நிக்கட்டும்யா," என்றாள்.

"ஏத்தா, பேசாம உக்காரு," என்றார் வில்வதுரை.

மாஸ்டர் தாளைப் பலகையில் குத்தினார். அதையும் சேர்த்து மிச்சம் மூன்றே தாள்தான் இருந்தது. நாங்கள் இருநூறு பேர், அவளைப் போலவே மூட்டங்களுக்கு முதுகு காட்டி, வராந்தாவிலும் படியிலும் வேப்பமர நிழலிலும், அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், கண்ணை எடுக்காமல் பார்த்தோம், பார்க்கப் பார்க்க அது கையாகவே தெரியவில்லை. கை வரவில்லை. மணிக்கட்டு வரவில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவர் அதற்குப் பக்கத்தில் சொன்னார், மாஸ்டர் காதுக்கும் அது போயிருக்க வேண்டும், முழங்கையில் கரி வழுக்கியது, தோளில் வழுக்கியது. பார்வையே சரியில்லையே என்று ஒருத்தி சொன்னாள், கண்கள் போயின. இவள் நிஜத்தில் எந்த ஊர்க்காரி என்று ஒரு குரல் கேட்டது, பாதங்கள் போயின. ஒன்றரை மணி நேரத்தில் தாளில் ஒரு முக்காலியும் அதன்மேல் தானாக உட்கார்ந்திருந்த ஒரு சேலையும்தான் மிச்சம்.

"சார்," என்றாள் முத்திருளாயி, தலையைத் திருப்பாமல். "வாசம் மாறுது. அஞ்சாம் நம்பரு மேப்பக்கம் வாயத் தொறந்துருச்சு. விடுங்க, நான் போயி மண்ணு வச்சுட்டு வந்து இதே மாதிரி உக்காந்துக்கிறேன்."

"நழுவப் பாக்குறா," என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான் சொன்னேன்.

அவள் மூன்று முறை சொன்னாள். நாங்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் திரும்பினால் அந்த நேரத்தில் அவள் கை ஏதாவது செய்துவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். எங்கள் முதுகில் சூடு பட்ட பிறகுதான் திரும்பினோம். ஐந்தாம் நம்பர் மூட்டம் உச்சியில் பிளந்து எரிந்துகொண்டிருந்தது, நல்ல வெயிலில் தீயின் நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை, அதன்மேல் காற்று மட்டும் நெளிந்தது.

முதலில் ஓடியவள் அவள்தான். பிறகு நாங்கள் ஓடினோம். மத்தியானம் தாண்டும்வரை மண்ணை அள்ளி வீசியும் ஒரு கூடைக் கரி தேறவில்லை. உவர்மண் பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது, ஒவ்வொரு ஓட்டிலும் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தவர்கள் வில்வதுரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள்.

முத்திருளாயி சாம்பலும் மண்ணுமாக வராந்தாவுக்குத் திரும்பி வந்தாள். நாங்களும் பின்னாலேயே வந்தோம், ஏன் வந்தோம் என்று தெரியாது.

"நான் இங்கதான உக்காந்துருந்தேன்?" என்று கேட்டாள். "நீங்க எல்லாரும் என்னயத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

மாஸ்டர் எழுந்தார், "முத்திருளாயி, அந்த வாட்ச்சு..." என்றார், முழுசாகச் சொல்லி முடித்தார், காணாமல் போனது, நினைத்தது, கிடைத்தது, மறைத்தது எல்லாம். மூன்று மாதம் லேட். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சேலை மட்டும் உட்கார்ந்திருந்த தாளைப் பலகையிலிருந்து உருவிக் கீழே போட்டுவிட்டு, அடுத்த தாளைத் தரையில் விரித்து, தன் வலது கையை அதன்மேல் பரப்பி வைத்து, இடது கையால் கரிக்குச்சியைப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவள், குச்சியை அரிவாள் மாதிரிதான் பிடித்தாள். கையை எடுத்தபோது ஐந்து விரலும் முழுசாக இருந்தன, கோணலாக, தடியாக, நல்ல கருப்பில்.

"இந்தக் கைய வச்சுக்கங்க," என்றாள். "இனிமே எது காணாமப் போனாலும் இதுகிட்டக் கேளுங்க."

மறுநாள் குடிசையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு மூட்டம் போடுகிற இன்னொரு ஊரான மேலக்கரைக்குப் போய்விட்டாள். இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, வெட்கமாக இருந்தது என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தாளில் ஏதோ மருந்து தடவியிருந்ததாக டீக்கடையில் ஒருவர் சொன்னார், குழாயடியில் அதை ஒருத்தி திருத்திச் சொன்னாள், ஊர் தேறிவிட்டது. வண்டல் பூச வேண்டும் என்று தான் ஆதியிலிருந்தே சொல்லி வந்ததாக வில்வதுரை கூட்டத்தில் பேசினார். அவருடைய படம் இன்றும் சங்கத்தில் முழுசாக மாட்டியிருக்கிறது.

மாஸ்டர் மட்டும் தேறவில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகையையும் கடைசித் தாளையும் கடைசிக் கரிக்குச்சியையும் எடுத்துக்கொண்டு, துணைக்கு டீச்சரையும் கூட்டிக்கொண்டு மேலக்கரைக்குப் போனார். முத்திருளாயி மூட்டத்து ஓரத்தில் நின்று மண் குழைத்துக்கொண்டிருந்தாள். வாங்க சார், வாங்க டீச்சர் என்றாள், கல்லைத் துடைத்து உட்காரச் சொன்னாள், மோர் கொண்டுவந்து கொடுத்தாள், குறை வைக்கவில்லை.

"நான் வரைய வரலம்மா," என்றார் மாஸ்டர். "நீ வரையணும். நான் உக்காருறேன்."

"எனக்கு என்ன சார் தெரியும்?"

"உன் கைய வரஞ்சியே."

அவர் கல்லில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள். பானை மாதிரி ஒரு தலை வந்தது, அதில் இரண்டு வட்டமாக மூக்குக்கண்ணாடி வந்தது, சட்டை வந்தது, பொத்தான்கூட எண்ணி நாலு வந்தது, டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம், அவளும் சிரித்தாளாம். பிறகு கைகளுக்கு வந்தாள். வலது கையில் குச்சியை வைத்து இழுத்தாள், வழுக்கியது. இடது கையில் இழுத்தாள், வழுக்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அது எப்போது இப்படி ஆனது என்பது போல.

"வர மாட்டேங்குது சார்," என்றாள். அழுதாள். "எனக்கு இந்தச் சந்தேகப் புத்தி இருந்ததில்ல சார். நீங்க குடுத்தது."

புகை மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மண்ணை எடுக்கப் போனாள். அவள் திரும்பி வரும்வரை அவர் கைகளை முழங்காலை விட்டு எடுக்காமல், அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.